சேற்றுக்குள் ஒரு கணக்குப்பிள்ளை

ராமேஸ்வரம் போகிற யாரும் அக்னி தீர்த்தத்தில் முங்காமல் திரும்புவதில்லை. அலையே இல்லாத கடல். இடுப்பளவு தண்ணீரில் நின்று மூன்று முங்கு. அப்புறம் சொட்டச் சொட்ட கோயிலுக்குள் ஓடி இருபத்திரண்டு தீர்த்தக் கிணறுகள்.

கிணறு கிடக்கட்டும். அந்தக் கடல் தண்ணீரை ஒரு வாளி மொண்டு தனியாக வையுங்கள். பதினைந்து லிட்டர் பிடிக்கிற வாளி. அதில் என்னவெல்லாம் இருக்கும்? உப்பு அரைக்கிலோவுக்கு மேல் தேறும். மக்னீசியம், கால்சியம், கொஞ்சம் அயோடின். கூடவே சுமார் ஐம்பது மைக்ரோகிராம் யுரேனியம்.

பதறாதீர்கள். ஆமாம், அணுகுண்டுக்குப் பயன்படுகிற அதே யுரேனியம்தான். ஆனால், மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. முங்கிக் குளித்தால் ஒன்றும் ஆகாது. ராமேஸ்வரத்துக்கு மட்டும் ஸ்பெஷலும் இல்லை. சென்னை மெரினாவோ, அமெரிக்காவின் மயாமியோ, உலகத்தில் எந்தக் கடலில் மொண்டாலும் லிட்டருக்கு ஏறத்தாழ 3.3 மைக்ரோகிராம்.

சின்னத் தொகைதான். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால்தான் தலை சுற்றும். உலகக் கடல்களில் கரைந்திருக்கிற யுரேனியம் சுமார் 450 கோடி டன்! அள்ளிவிடலாமே என்று தோன்றுகிறதா? ஜப்பான்காரர்களுக்கும் தோன்றியது. யுரேனியத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும் விசேஷத் துணியைத் தயாரித்து, 1999-லிருந்து 2001 வரை முட்சு என்கிற ஊருக்கு அருகே கடலுக்குள் தொங்கவிட்டார்கள். மொத்தத்தில் கிடைத்தது ஏறக்குறைய ஒரு கிலோ. செலவுக்கும் வரவுக்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை.

நான் பி.காம். படித்தவன். சயின்ஸைப் பத்தாம் வகுப்போடு தலைமுழுகியாச்சு. எனக்கு எந்த விஷயத்தைக் காட்டினாலும் முதலில் கண்ணில் படுவது வரவு, செலவு, இருப்பு. இந்தக் கடல் கணக்கைப் பார்த்தபோதும் அதுதான் உறுத்தியது.

வரவு என்ன? மலைகளும் பாறைகளும் மழையில் கரைகின்றன. ஆறுகள் அதைக் கொண்டுவந்து கடலில் கொட்டுகின்றன. இப்படி வருடத்துக்குச் சுமார் 10,000 டன் யுரேனியம் வருவதாக ஒரு மதிப்பீடு. அப்படியானால் நாலரை லட்சம் வருடத்தில் இருப்பு இரட்டிப்பாக வேண்டும். ஐம்பது கோடி வருடத்தில் ஆயிரம் மடங்கு ஏறியிருக்க வேண்டும். பூமியின் வயதில் ஐம்பது கோடி வருடமெல்லாம் நேற்று மாதிரி.

ஏறவில்லையே?

அப்படியென்றால் எங்கோ செலவு ஆகிறது. வருகிற அளவுக்குக் கிட்டத்தட்ட யாரோ வெளியே எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். யார் எடுக்கிறார்கள், எங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க இருபதாம் நூற்றாண்டின் கடைசிவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்கு முன் ஒரு அண்ணன், தம்பி கதையைச் சொல்லியாக வேண்டும்.

இயற்கையில் ஏராளமாகக் கிடைக்கிற கதிரியக்க உலோகங்கள் இரண்டு. யுரேனியம், தோரியம். முதலாவதை 1789-ல் பெர்லினில் க்லாப்ராத் என்கிற வேதியியலாளர் கண்டுபிடித்தார். எட்டு வருடம் முன்பு வானத்தில் சிக்கிய யுரேனஸ் கிரகத்தின் பெயரை அதற்கு வைத்தார். இரண்டாவதுக்கு ஸ்வீடன்காரர் பெர்சிலியஸ், தங்கள் ஊர் இடி தேவன் தோரின் பெயரை வைத்தார். இரண்டுமே கதிரியக்கம் உள்ளவை என்பது யாருக்கும் அப்போது தெரியாது. அது தெரிய 1896-ல் பெக்கரல் வர வேண்டியிருந்தது.

பாறைக்குள் இருக்கும்வரை இரண்டும் ஒட்டுக் குடித்தனம். அதற்கு அத்தாட்சி வேண்டுமென்றால் பாக் நீரிணையைத் தாண்டி இலங்கைக்குப் போக வேண்டும்.

ஆனந்த குமாரசாமி என்று ஒரு பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நடராஜர் சிலையின் தத்துவத்தை மேல்நாட்டுக்கு விளக்கிச் சொன்ன கலை அறிஞர், அமெரிக்காவில் பாஸ்டன் மியூசியத்தில் இருந்தவர். அவரேதான். அப்பா சர் முத்து குமாரசாமி இலங்கைத் தமிழர், அம்மா ஆங்கிலேயப் பெண்மணி. கலை பக்கம் திரும்புவதற்கு முன் குமாரசாமி ஒரு நிலவியல்காரர், இலங்கையின் கனிமவள ஆய்வுத் துறைக்கு இயக்குநர்! 1904-ல் அவர் கையில் சிக்கியது, கறுப்பாக, கனமாக, குட்டிக் குட்டிச் சதுரங்களாக ஒரு கனிமம். லண்டனுக்கு அனுப்பிச் சோதித்துப் பார்த்தால், பெரும்பகுதி தோரியம், கூடவே யுரேனியம். தோரியனைட் என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் கனிமத்திலிருந்து பிரித்தெடுத்த உப்பு ஒன்று, மறுவருடம் லண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வுக்கூடத்தில் ஒரு ஜெர்மன் இளைஞரிடம் போனது. அதைக் கிண்டிக் கொண்டிருந்தவர் புதிதாக ஒரு கதிரியக்கப் பொருளைக் கண்டுபிடித்து, ரேடியோதோரியம் என்றார். 'தோரியமும் முட்டாள்தனமும் கலந்த கலவை' என்கிற ரீதியில் அமெரிக்க விஞ்ஞானி ஒருவர் நக்கலடித்தார். நக்கல் நிற்கவில்லை. இளைஞரின் பெயர் ஓட்டோ ஹான். 1938-ல் யுரேனிய அணுவைப் பிளக்க முடியும் என்று கண்டறிந்த அதே ஹான். நம் பக்கத்துத் தீவின் கறுப்புக் கல்தான் அவரை இந்தப் பாதையில் இழுத்துவிட்டது என்றால் பெரிய மிகை இல்லை.

அது இருக்கட்டும். பாறை உடைந்து மழைத் தண்ணீர் பட்டவுடன் பங்காளிகள் பிரிந்துவிடுவார்கள்.

தம்பி தோரியம் பிடிவாதக்காரன். நான்கு எலெக்ட்ரான்களைப் பறிகொடுத்த நிலை ஒன்றுதான் அவனுக்குத் தெரியும். அந்த நிலையில் தண்ணீரில் கரைய மாட்டான். மணலோடு மணலாக உருண்டு கடற்கரைக்கு வந்து, அங்கேயே கிடப்பான். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் 1909-ல் ஷாம்பெர்க் என்கிற ஜெர்மன்காரர் கண்டுபிடித்தாரே மோனசைட் மணல், அதற்குள் இருப்பது இந்தத் தம்பிதான். ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம், இந்தியாவின் எதிர்கால மின்சாரம் அதில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்ததும் இந்தத் தம்பியைப் பற்றித்தான்.

அண்ணன் யுரேனியம் வேறு ரகம். ஆளுக்கேற்ப வேஷம். நான்கு எலெக்ட்ரான்களை இழந்து நிற்கும்போது தம்பி மாதிரியே கரையாமல் கல்லாக உட்கார்ந்திருப்பான். ஆக்ஸிஜன் பட்டால் மேலும் இரண்டைப் பறிகொடுப்பான். ஆறு போன நிலை. அவ்வளவுதான், குணமே மாறிவிடும். இரண்டு ஆக்ஸிஜனைத் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீரில் இருக்கிற கார்பனேட்டோடு கைகோத்து, கரைந்து, ஆற்றோடு போய்க் கடலில் கலந்துவிடுவான்.

ஆக, தோரியம் மணலில். யுரேனியம் தண்ணீரில்.

இந்தப் பாகப்பிரிவினையால் விஞ்ஞானிகளுக்கு ஒரு கடிகாரம் இலவசமாகக் கிடைத்தது. தனுஷ்கோடி போயிருக்கிறீர்களா? 1964 டிசம்பர் புயல் மிச்சம் வைத்துவிட்டுப் போன சர்ச் சுவரை உற்றுப் பாருங்கள். பவழக் கற்கள். பவழப் பூச்சி கடல் தண்ணீரிலிருந்து சுண்ணாம்பு எடுத்துக் கூடு கட்டும்போது கூடவே யுரேனியத்தையும் வாங்கிக்கொள்கிறது. ஒரு கிலோ பவழக் கல்லில் சுமார் மூன்று மில்லிகிராம். தோரியம்? தண்ணீரிலேயே கிடையாதே, கல்லில் எங்கே இருந்து வரும்? அதனால், பழைய பவழத்தில் கொஞ்சம் தோரியம் தென்பட்டால், அது உள்ளே இருக்கிற யுரேனியம் சிதைந்து பிறந்தது என்று அர்த்தம். எவ்வளவு பிறந்திருக்கிறது என்று அளந்தால் பவழத்தின் வயது. கிட்டத்தட்ட ஐந்து லட்சம் வருடம்வரை இந்தக் கடிகாரம் ஓடும். ராமேஸ்வரம், மண்டபம் பகுதியில் கடல் மட்டத்துக்கு மேலே தூக்கி நிற்கிற பவழத் திட்டுகளை ஸ்டாடர்ட், கோபிநாத பிள்ளை என்கிற இருவர் ஆராய்ந்து 1972-ல் எழுதினார்கள். அவர்கள் பயன்படுத்தியது கார்பன் கடிகாரம். கிடைத்த வயது சுமார் 4,000 வருடம்.

பவழமும் கொஞ்சம் யுரேனியத்தைச் செலவு எழுதுகிறது. ஆனால், கடல் கணக்கில் பெரிய செலவு அங்கே இல்லை. வேறு எங்கே?

சேற்றில்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்குப் பக்கத்தில் காரங்காடு என்று ஒரு ஊர். அலையாத்திக் காடு. படகில் போய்ப் பார்க்கலாம். அந்த மாதிரி இடங்களில் காலை வைத்தால், மேலே பழுப்பாக இருக்கிற சேறு ஒரு விரற்கடை தாண்டியதுமே கறுப்பாகும். அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடிக்கும். ஆக்ஸிஜன் தீர்ந்துபோன இடம் என்பதற்கு அந்த நாற்றம்தான் சர்ட்டிபிகேட். உலகம் முழுக்க இப்படிப்பட்ட காற்றில்லாத கடல் சேற்றில் யுரேனியம் சேர்ந்திருக்கிறது என்பது ரொம்ப நாளாகவே தெரிந்த விஷயம். எப்படிச் சேர்ந்தது என்பதில்தான் குழப்பம்.

'நாற்றம் பிடித்த அந்த வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, அதுதான் யுரேனியத்தோடு வினை புரிந்து கல்லாக்குகிறது' என்று பாடப் புத்தகங்கள் சொல்லிவந்தன. உயிருக்கு இதில் நேரடி வேலை எதுவும் இல்லை. வெறும் கெமிஸ்ட்ரி. 1962-லேயே அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், ஒரு பாக்டீரியாவின் சாறு யுரேனியத்தை மாற்றுகிறது என்று காட்டியிருந்தார்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1987. வாஷிங்டன் நகரை ஒட்டி ஓடும் பொடோமக் ஆறு. அந்த ஆற்றுச் சேற்றிலிருந்து டெரெக் லவ்லி என்கிற ஆராய்ச்சியாளர் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தில் வேலை. அந்தப் பாக்டீரியா செய்த காரியம் விசித்திரமானது. அது இரும்பைச் சுவாசித்தது!

இது எப்படி என்று புரிய, என் பழைய அக்கவுன்டன்ஸி வகுப்புக்கு வாருங்கள். 'பெறுபவர் பற்று, தருபவர் வரவு.' ஒருவர் கொடுக்காமல் இன்னொருவர் பெற முடியாது. உயிரோடு இருப்பது என்பதும் இதே இரட்டைப் பதிவுதான். நீங்கள் காலையில் சாப்பிட்ட இட்லியிலிருந்து உடம்பு எலெக்ட்ரான்களைப் பிடுங்குகிறது. அவை கைமாறிக் கைமாறிப் போகும் வழியில் சக்தி கிடைக்கிறது. சரி, கடைசியில் அந்த எலெக்ட்ரான்களை எங்கே இறக்கிவைப்பது? யார் தலையிலாவது பற்று எழுத வேண்டும். நாம் ஆக்ஸிஜன் தலையில் எழுதுகிறோம். மூச்சு விடுவது அதற்குத்தான். மூச்சு நின்றால் எலெக்ட்ரானை வாங்க ஆளில்லாமல் கம்பெனி மூடப்படுகிறது.

சேற்றுக்குள் ஆக்ஸிஜன் இல்லை. அங்கே இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? கிடைத்தவர் தலையில் கட்டுவார்கள். நைட்ரேட் இருந்தால் முதலில் அது. அது தீர்ந்தால் மாங்கனீஸ். பிறகு இரும்புத் துரு. அதுவும் தீர்ந்தால் சல்பேட். அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் அழுகிய முட்டை நாற்றம். லவ்லியின் பாக்டீரியா இரும்புக் கட்டத்து ஆசாமி. ஜியோபாக்டர் என்று பிற்பாடு பெயர் வைத்தார்கள்.

இரும்பு வாங்கிக்கொள்கிறது என்றால் யுரேனியம் வாங்கிக்கொள்ளாதா? லவ்லி கொடுத்துப் பார்த்தார். 1991-ல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை சொன்னது இதுதான்: பாக்டீரியா தன் எலெக்ட்ரான்களை யுரேனியத்துக்குத் தருகிறது. அதில் கிடைக்கும் சக்தியில் வளரவும் செய்கிறது. ஆறு இழந்து ஊர் சுற்றிக்கொண்டிருந்த அண்ணன், இரண்டைத் திரும்பப் பெற்றதும், கறுப்புத் துகளாக அடியில் உட்கார்ந்துவிடுகிறான். பாக்டீரியாவைப் பொறுத்தவரை இது ஒரு மூச்சு. கடலைப் பொறுத்தவரை ஒரு செலவுச் சீட்டு.

அந்தக் கறுப்புச் சேற்றுக்குள் கோடானுகோடிக் கணக்குப்பிள்ளைகள்!

எலெக்ட்ரானை எப்படிக் கொடுக்கிறது என்பதிலேயே ஒரு தனிக் கூத்து. பாக்டீரியா யுரேனியத்தை விழுங்கினால் விஷமாகிவிடும். எனவே, தன் உடம்பிலிருந்து நூல் மாதிரி மெல்லிய கம்பிகளை வெளியே நீட்டி அது வழியாக அனுப்புகிறது. மின்சாரக் கம்பிதான்! 2005-ல் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 2019-ல் நுண்ணோக்கி வைத்து ஒரு வகைக் கம்பியின் உள்ளமைப்பையே படம் பிடித்தார்கள். உள்ளே வரிசையாக ஹீம் என்னும் இரும்பு மூலக்கூறுகள். நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினில் இருக்கிற அதே சமாசாரம். அசல் கம்பி எது என்று விஞ்ஞானிகளுக்குள் அடிதடி நடந்தது தனிக்கதை.

இங்கே ஒரு விஷயத்தை அடித்துச் சொல்லிவிட வேண்டும். பாக்டீரியா கதிரியக்கத்தை அழிப்பதில்லை. ஒரு துளிகூட. கதிரியக்கம் என்பது அணுவின் கருவுக்குள் நடக்கும் விவகாரம். எந்தப் பாக்டீரியாவும் அங்கே நுழைய முடியாது. அது கை வைப்பது வெளி வாசலில் நிற்கும் எலெக்ட்ரானில் மட்டும். யுரேனியத்தின் அரை ஆயுள் சுமார் 450 கோடி வருடம்; சேற்றில் உட்கார்ந்தாலும் அதேதான். 'அணுக்கழிவைத் தின்று தீர்க்கும் கிருமி' என்று எங்காவது தலைப்பு பார்த்தால் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.

பிறகு என்ன பிரயோஜனம்? இருக்கிறது. கல்லாகக் கிடக்கிற யுரேனியம் உங்கள் வீட்டுக் குழாய்க்கு வராது. கரைந்த யுரேனியம் வரும். குடித்தால் முதல் அடி சிறுநீரகத்துக்கு.

அமெரிக்காவுக்கு இதில் அவசரம் இருந்தது. ரஷ்யாவோடு போட்டி போட்டுக் குண்டு செய்த காலத்தில் ஊர் ஊராக யுரேனிய ஆலைகள். ஆலை மூடிய பிறகும் நிலத்தடித் தண்ணீரில் யுரேனியம். தோண்டி எடுத்து மாளாது. கொலராடோ மாநிலத்தில் ரைஃபிள் என்று ஒரு ஊர். அங்கே பழைய ஆலை இருந்த நிலத்தில், 2002-ல் லவ்லியின் குழு ஒரு காரியம் செய்தது. மண்ணுக்குள் அசிட்டேட்டைச் செலுத்தினார்கள். அசிட்டேட் என்றால் ஏதோ ஆபத்தான ரசாயனம் இல்லை. நம் ஊறுகாய் வினிகரின் நெருங்கிய சொந்தம். ஏற்கெனவே மண்ணில் இருக்கிற ஜியோபாக்டருக்கு அது விருந்து. சாப்பிட்டால் எலெக்ட்ரான் வரும். வந்தால் எங்காவது இறக்கியாக வேண்டும்.

சில நாட்களிலேயே ஜியோபாக்டர் பெருகியது. தண்ணீரில் யுரேனியம் இறங்க ஆரம்பித்தது. ஐம்பது நாளுக்குள் சில கிணறுகளில் அரசாங்கம் நிர்ணயித்த அளவுக்கும் கீழே போய்விட்டது. ஒரே கொண்டாட்டம்.

கொஞ்ச நாள்தான். எளிதில் கிடைத்த இரும்பு தீர்ந்தது. சல்பேட் ஆசாமிகள் பந்தியில் வந்து உட்கார்ந்து, அசிட்டேட்டை அவர்களே காலி பண்ண ஆரம்பித்தார்கள். ஜியோபாக்டர் குறைந்தது. யுரேனியம் மறுபடி ஏறியது! பிற்பாடு இன்னொன்றும் தெரிந்தது. உட்கார்ந்த யுரேனியம் எல்லாம் கெட்டிக் கல்லாக உட்காரவில்லை. ஒரு பகுதி உதிரியாக ஒட்டிக்கொண்டு மட்டும் இருந்தது. ஆக்ஸிஜன் வந்தால் சுலபமாகக் கிளம்பிவிடும். என்னைக் கேட்டால், இது கடனை அடைத்த மாதிரி இல்லை, புதுப்பித்துக்கொண்டே போகிற மாதிரி. விருந்து போடுவதை நிறுத்தினால் வட்டியோடு திரும்பி வரும்.

பாக்டீரியாவுக்கு இதில் இன்னொரு முகமும் உண்டு. 1972-ல் பிரான்ஸில் பியர்லாத் என்ற இடத்தில் ஸ்டாக் கணக்கில் ஒரு துண்டு விழுந்தது. இயற்கை யுரேனியத்தில் குண்டுக்கு ஆகிற 235 என்கிற வகை 0.7202 சதவீதம் இருக்க வேண்டும். எந்த நாட்டுச் சுரங்கமானாலும் அதே அளவு. சோதித்த சரக்கில் 0.7171 இருந்தது. இத்தனூண்டு வித்தியாசம்தானே என்று விட முடியுமா? யாராவது திருடியிருந்தால்? ஆடிட் நடந்தது. சரக்கு வந்த வழியே போனார்கள். ஆப்பிரிக்காவில் கபோன் நாட்டின் ஓக்லோ சுரங்கத்தில் போய் நின்றது. திருடன் யார் தெரியுமா? பூமி! ஏறக்குறைய 200 கோடி வருடத்துக்கு முன் அங்கே மனிதத் துணை இல்லாமல் ஓர் அணு உலை தானாகவே ஓடியிருக்கிறது. லட்சக்கணக்கான வருடம் விட்டு விட்டு ஓடி, 235-ஐத் தின்று தீர்த்திருக்கிறது.

அவ்வளவு யுரேனியத்தை ஒரே இடத்தில் குவித்தது யார்? அதற்கும் முன்னால் கடலில் நீலப்பச்சைப் பாக்டீரியாக்கள் தோன்றி, வெயிலைத் தின்று ஆக்ஸிஜனைக் கக்க ஆரம்பித்திருந்தன. காற்றில் முதன்முதலாக ஆக்ஸிஜன் ஏறியது. அதுவரை பாறையில் கல்லாகக் கிடந்த அண்ணன் கரைந்து ஓடத் தொடங்கியதே அப்போதுதான். ஓடிப்போய், அழுகிய உயிர்ச்சத்து நிறைந்த, ஆக்ஸிஜன் இல்லாத வண்டலில் மாட்டிக்கொண்டான். அந்தக் குவியல்தான் ஓக்லோ.

அந்த நீலப்பச்சை வம்சம் இன்றைக்கும் நம் கடற்கரை முழுக்க இருக்கிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல் நீலப்பச்சைப் பாசிகளுக்கென்றே 1991-ல் ஒரு தேசிய மையம் தொடங்கினார்கள். கடற்கரையில் சேகரித்து, ஒவ்வொன்றுக்கும் பி.டி.யு. என்று இனிஷியல் போட்டு நம்பர் கொடுத்து வளர்க்கிற இடம். அங்கிருந்து மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்குப் போன 75042 நம்பர் பாசியை, யுரேனியம் கலந்த தண்ணீரில் விட்டுப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் எழுபது சதவீதத்துக்கு மேல் அதன் உடம்பில் ஒட்டிக்கொண்டது! 2009-ல் வெளியான ஆராய்ச்சி. இது எலெக்ட்ரான் கொடுக்கிற கதை இல்லை. மேல்தோலில் இருக்கிற பசையில் ஒட்டவைக்கிற கதை. வேறு வழி, அதே உத்தேசம்.

அதே பாபா மையத்தில் 2006-ல் செய்தது இன்னும் சுவாரஸ்யம். டைனோகாக்கஸ் என்று ஒரு பாக்டீரியா. 1956-ல் அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில் இறைச்சி டின்களைக் கதிர்வீச்சில் சுத்தப்படுத்திப் பார்த்தபோது சாகாமல் மாட்டிக்கொண்ட சண்டியர். மனிதனைக் கொல்லும் கதிர்வீச்சைப் போல ஆயிரம் மடங்கைத் தாங்கும். ஆனால், யுரேனியத்தை உட்காரவைக்கத் தெரியாது. தெரிந்த இன்னொருவர் யார் என்று தேடி, டைபாய்டு கிருமியிலிருந்து ஒரு மரபணுவை எடுத்து இதற்குள் வைத்தார்கள். அது பாஸ்பேட்டை வெளிவிட, யுரேனியம் அதோடு சேர்ந்து படிந்தது. சில மணி நேரத்தில் 90 சதவீதத்துக்கு மேல். நம் கிழக்குக் கரையிலேயே கல்பாக்கத்தில், பாக்டீரியாக்கள் உருண்டையாகத் திரண்ட குருணைகளை வைத்து யுரேனியத்தைப் பிடித்துக் காட்டினார்கள். அதுவும் 2006-தான்.

எல்லாமே ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவைக்குள். குடுவைக்கு வெளியே, உங்கள் ஊர்க் கிணற்றில் என்ன நடக்கிறது?

ராமநாதபுரம் கடலோரக் கிணறுகளின் தலைவலி உப்பு. உள்ளே தள்ளிக் கருங்கல் பாறையில் துளை போட்டுத் தண்ணீர் எடுக்கிற ஊர்களில்தான் யுரேனியப் பேச்சு வருகிறது. கருங்கல்லில் இயற்கையாகவே அது உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2011-லிருந்து சொல்லும் அளவு, லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். 2018-ல் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ராஜஸ்தான், குஜராத் கிணறுகளைச் சோதித்த முடிவு வெளியானது. ராஜஸ்தானில் சுமார் மூன்றில் ஒரு கிணறு அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தது. சுரங்கமோ அணு உலையோ காரணம் இல்லை. பாறையிலேயே இருந்த யுரேனியம். அதைக் கிளப்பிவிட்டதில் நமக்குப் பங்கு இருக்கிறது. தண்ணீரை அளவு மீறி உறிஞ்ச உறிஞ்ச, நிலத்தடியில் காற்றுப் படாமல் கிடந்த பாறைக்கு ஆக்ஸிஜன் போகிறது. அண்ணன் கரைகிறான்.

இன்னொரு காரணத்தை, 2015-ல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் இருவர் எழுதினார்கள். அமெரிக்காவின் இரண்டு பெரிய நிலத்தடி நீர்ப் படுகைகளில் யுரேனியம் அதிகமாக இருந்த இடங்களைக் குறித்துப் பார்த்தால், பெரும்பாலான இடங்களில் நைட்ரேட்டும் அதிகம். நைட்ரேட் எங்கிருந்து வரும்? வயலுக்குப் போடும் உரத்திலிருந்து, மாட்டுக் கொட்டகையிலிருந்து, நம் கழிவறைக் குழியிலிருந்து.

பந்தி வரிசை நினைவிருக்கிறதா? ஆக்ஸிஜனுக்கு அடுத்து நைட்ரேட். இரும்புக்கும் யுரேனியத்துக்கும் முன்னால். மண்ணுக்குள் நைட்ரேட் இறங்கினால் பாக்டீரியா யுரேனியத்தின் பக்கமே திரும்பாது. அதோடு நிற்பதில்லை. சில பாக்டீரியாக்கள் கணக்கைத் தலைகீழாக எழுத ஆரம்பிக்கும். உட்கார்ந்திருக்கும் யுரேனியத்திடமிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கி நைட்ரேட்டுக்குக் கொடுக்கும். நான்கு மறுபடி ஆறாகும். கல் மறுபடி தண்ணீராகும். யூரியா மூட்டையைப் பிரித்துக் கொட்டுகிறவருக்கும், அரைக் கிலோமீட்டர் தள்ளி அடிகுழாயில் குடம் வைக்கிறவருக்கும் நடுவே இப்படியொரு பரிவர்த்தனை இருட்டுக்குள் நடக்கிறது.

உங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை யாராவது யுரேனியத்துக்காகச் சோதிக்க வந்தால், நைட்ரேட் எவ்வளவு என்று கூடவே கேட்டு வையுங்கள்.